பெயர் போன வீடுகள்

இரவு பதினொன்றரை மணிக்கு வந்து கதவைத் தட்டினான் பன்னிரண்டாம் மாடித் தம்பி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து, பிடோக் நார்த்தில் எங்கள் புளோக்கில் வாடகைக்கு இருப்பவன். திறந்த மடிக்கணினியை, கொதிக்கும் குழம்புச் சட்டியைத் தூக்கி வருபவனைப்போல, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

"அண்ணே, தப்பு பண்ணிட்டேண்ணே. நாடகம் மொத்தமும் போச்சு."

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்காக அவனும் நண்பர்களும் ஒரு குறுநாடகம் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நான்கு காட்சிகள். எழுதியது இவன். லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய மடிக்கணினியில், அலங்காரம் எதுவும் இல்லாத உரைக்கோப்புகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தான். எழுதும் செயலி தானாகச் சேர்த்துவைத்த பழைய பிரதிகள், '.பேக்' என்று முடிபவை, அந்த அடைவில் குவிந்து கிடந்தன. அவற்றை மட்டும் துடைத்துவிடலாம் என்று டெர்மினலைத் திறந்து 'ஆர்எம்' கட்டளையைக் கொடுத்திருக்கிறான். 'எதுவாயினும்' என்று பொருள் தரும் நட்சத்திரக் குறி, அதை ஒட்டி '.பேக்'. ஒட்டி வரவேண்டிய இடத்தில் கட்டைவிரல் இடைவெளிப் பட்டையைத் தட்டிவிட்டது.

பலகையைப் 'பல கை' என்று பிரித்தால் பொருள் மாறிவிடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கணினிக்கும் அதே இலக்கணம்தான். ஒரே சொல்லாக வந்திருந்தால் '.பேக் என்று முடியும் எதுவாயினும்' என்று படித்திருக்கும். இடைவெளி விழுந்ததால் இரண்டு சொல்லாயிற்று: எதுவாயினும் அழி, '.பேக்' என்ற கோப்பையும் அழி. முதல் வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு, இரண்டாவதற்கு மட்டும் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் சொன்னது. அந்தப் பதிலைப் பார்த்த பிறகுதான் தம்பிக்கு வியர்த்தது. டெர்மினலில் அழித்தால் குப்பைத் தொட்டிக்கும் போகாது.

திரையைப் பார்த்தேன். உலாவியில் ஏதோ மீட்பு மென்பொருள் இறங்கிக்கொண்டிருந்தது. "இதை இன்ஸ்டால் பண்ணி ஓட்டினா எடுத்துடலாம்னு யூடியூப்ல சொன்னாங்கண்ணே." நான் பதிவிறக்கத்தை நிறுத்தினேன்.

"தம்பி, முதல்ல கீபோர்டுல இருந்து கையை எடு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்கத்தான் இந்த அத்தியாயம்.

கீழ்த்தளத்துத் தபால் பெட்டிகள்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புளோக் எதற்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். பெட்டி கீழே இருக்கிறது; குடும்பம் மேலே இருக்கிறது. பெட்டிக்குள் யாரும் குடியிருப்பதில்லை.

லினக்ஸில் கோப்பும் இப்படித்தான். 'காட்சி-1' என்ற பெயரும் அதனுள் இருக்கும் வசனமும் ஒரே இடத்தில் இல்லை. மூன்று அடுக்கு. முதல் அடுக்கு அடைவு: பெயரும் அதற்கு நேரே ஓர் எண்ணும் கொண்ட வெறும் பட்டியல், தபால் பெட்டி வரிசை. அந்த எண் காட்டும் இடம் இரண்டாவது அடுக்கு, 'ஐநோட்' என்ற சிறு குறிப்பேடு. கோப்பு யாருடையது, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாறியது, உள்ளடக்கம் வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பவை அதில் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. மூன்றாவது அடுக்கு, உள்ளடக்கம் கிடக்கும் கட்டங்கள். இவற்றுக்குக் கணினி உலகம் வைத்த பெயரும் 'புளோக்'தான். பெரும்பாலும் ஒரு புளோக்குக்கு 4096 பைட். தம்பியின் 500 கிகாபைட் வட்டில் ஏறக்குறைய 12 கோடி புளோக்குகள்.

இந்த ஏற்பாடு லினக்ஸுக்கு முந்தையது. 1969ல் தொடங்கி பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸிலிருந்து வந்தது. அவர்கள் தங்கள் இயங்குதளத்தின் கருவில் 'அழி' என்ற ஆணையையே வைக்கவில்லை. வைத்தது 'அன்லிங்க்', அதாவது இணைப்பை அறு. ஆர்எம் என்று நாம் தட்டும்போது உள்ளே நடப்பது இதுதான்: தபால் பெட்டியிலிருந்து பெயர்ச்சீட்டு கிழிக்கப்படுகிறது, 'இந்தக் குறிப்பேடு காலி' என்றும் 'இந்தப் புளோக்குகள் காலி' என்றும் பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. மேலே வீட்டுக்குள் யாரும் போகவில்லை. சோபாவும் சாமி படமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பெயர்ச்சீட்டைக்கூட 2021வரை இயந்திரம் சுத்தமாகக் கிழித்ததில்லை. லினக்ஸின் இன்றைய வழக்கமான கோப்பு முறையான 'எக்ஸ்ட்-4'ல், அடைவில் முந்தைய பெயருக்கு ஒதுக்கிய நீளத்தைச் சற்று நீட்டிவிடுவார்கள். பட்டியலைப் படிக்கும்போது அழிந்த பெயர்மேல் கண் படாமல் தாண்டிவிடும். 2021க்கு முந்தைய லினக்ஸில் எழுத்துகள் அடியில் அப்படியே கிடக்கும்.

ஏன் இந்த அரைகுறை வேலை? வேகத்துக்காக. பத்து கிகாபைட் திரைப்படத்தை அழிப்பதென்றால் பத்து கிகாபைட்டையும் பூஜ்யத்தால் நிரப்ப ஒரு பழைய வட்டுக்கு ஒன்றிரண்டு நிமிடமாவது பிடிக்கும். பதிவேட்டில் 'காலி' என்று எழுத ஒரு நொடிகூட வேண்டாம். நாம் 'மீட்பு' என்று கொண்டாடுவது இயந்திரத்தின் இந்தச் சோம்பல் தந்த வரம்.

இப்போது தம்பியின் பதிவிறக்கத்துக்கு வருவோம். புதிதாக இறங்கும் மென்பொருளுக்கு இடம் வேண்டும். இயங்குதளம் பதிவேட்டைப் பார்க்கும். 'காலி' என்று இருக்கும் வீடுகளில் முதல் காட்சி கிடக்கும் வீடும் ஒன்றாக இருக்கலாம். மீட்க வந்த மென்பொருளே மீட்கவேண்டியதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உலாவி சும்மா திறந்திருந்தாலே தற்காலிகச் சேமிப்பை எழுதிக்கொண்டிருக்கும். இயங்குதளமும் தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டே இருக்கும். அழித்த கணம் ஆபத்தான கணமில்லை. அதற்குப் பிறகு நாம் பதறிச் செய்யும் ஒவ்வொன்றும் ஆபத்து.

உள்ளே ஆள் இருக்கிறாரா?

கையை எடுக்கச் சொன்னேனே தவிர, கணினியை உடனே அணைக்கச் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

ஐநோட் குறிப்பேட்டில் ஓர் எண்ணிக்கை உண்டு: இந்தக் கோப்புக்கு எத்தனை பெயர்கள்? யூனிக்ஸில் ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள் வைக்கலாம், ஒரே வீட்டுக்கு இரண்டு தபால் பெட்டி வைப்பதுபோல. ஒரு பெயரை அழித்தால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். பூஜ்யமானால்தான் வீடு காலி. அப்போதும் ஒரு நிபந்தனை: ஏதாவது ஒரு செயலி அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை வீட்டைக் காலி செய்ய முடியாது. பெயர்ப்பலகை போய்விட்டது, உள்ளே விளக்கு எரிகிறது.

சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் இதை வேறு விதமாக அறிந்திருப்பார்கள். வட்டு நிரம்பிவிட்டது என்று பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை அழிப்பார்கள். இடம் ஒரு பைட்கூடக் கூடியிருக்காது. எழுதிக்கொண்டிருந்த செயலி அதை இன்னும் விடவில்லை என்று பிறகுதான் புரியும்.

இந்தத் தொல்லையே அழித்தவனுக்கு அதிர்ஷ்டம். 'ப்ராக்' என்ற அடைவில் லினக்ஸ், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அறை வைத்திருக்கிறது. அந்தச் செயலி திறந்து வைத்திருக்கும் கோப்புகளுக்கெல்லாம் அந்த அறையில் ஒவ்வொரு பின்கதவு உண்டு. பெயர் அழிந்த கோப்பின் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பும் தெரியும். அந்தக் கதவு வழியாக ஒரு சாதாரண நகல் கட்டளை போட்டால் கோப்பு முழுதாக வெளியே வந்துவிடும். கணினியை அணைத்தாலோ போச்சு: செயலி சாகும், கடைசிப் பிடி விடும், வீடு காலியாகும்.

தம்பியின் கணினியில் பார்த்தோம். எழுதும் செயலியை அவன் அழிப்பதற்கு முன்பே மூடியிருந்தான். உள்ளே யாரும் இல்லை. அதன் பிறகுதான் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். முறைப்படி 'ஷட்டவுன்' கொடுத்தால், விடைபெறும் நேரத்திலும் நான்கு வரி எழுதிவிட்டுத்தான் அது தூங்கும்.

ஊரே அழிந்தால்

அவன் அழித்தது ஓர் அடைவை. இயங்குதளத்தையே அழித்தவர்களும் உண்டு. அப்படி அழித்தாலும் கணினி உடனே விழுந்துவிடாது. காரணம், இப்போது சொன்ன அதே விதி: ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் தங்கள் கோப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

1986ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு வாக்ஸ் கணினியில் இது நடந்தது. அங்கே பணியாற்றிய மரியோ வோல்ச்கோ எழுதிவைத்ததால் அந்தக் கதை இன்றும் யூனிக்ஸ் உலகில் சொல்லப்படுகிறது. முழு அதிகாரம் கொண்ட கணக்கில் இருந்த ஒருவர், அடைவு மரத்தின் வேரில் நின்றுகொண்டு 'எல்லாவற்றையும் அழி' என்று தட்டிவிட்டார். நேரமாவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நிறுத்துவதற்குள் அடிப்படைக் கட்டளைகள் இருந்த அடைவும் அமைப்புக் கோப்புகள் இருந்த அடைவும் போய்விட்டன. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட இல்லை. ஆனால் ஒருவர் 'ஈமாக்ஸ்' தொகுப்பானைத் திறந்து வைத்திருந்தார். அது உயிரோடு இருந்தது. போன அடைவின் பெயரில் ஓர் அடைவு வேண்டும். உருவாக்கும் கட்டளையும் போய்விட்டது. மிஞ்சியிருந்த தற்காலிக அடைவின் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த ஒரு வேலைக்கான குட்டி நிரலை இயந்திர மொழியில், பைட் பைட்டாகக் கையால் கணக்கிட்டு, ஈமாக்ஸ் வழியே எழுதினார்கள். அது வேலை செய்தது. காலூன்ற ஓர் அடி கிடைத்தது. மற்றவை படிப்படியாகத் திரும்பின.

இன்று அவ்வளவு வீரம் தேவையில்லை. 2006 முதல் லினக்ஸின் ஆர்எம் கட்டளை வேரையே அழிக்கச் சொன்னால் மறுத்துவிடும். ஆனாலும் ஆபத்து வேறு வழியில் வரும். 2011ல் 'பம்பிள்பீ' என்ற மென்பொருளின் நிறுவல் நிரலில் ஒரு பாதையின் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது. முக்கியமான அடைவு ஒன்று முழுவதும் பலருடைய கணினிகளிலிருந்து போனது. நம் தம்பிக்கு நேர்ந்த அதே இடைவெளி. 2015ல் 'ஸ்டீம்' விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் வடிவத்தில், அடைவின் பெயர் வரவேண்டிய மாறி வெறுமையாக இருந்ததால், 'அந்த அடைவில் உள்ளதையெல்லாம் அழி' என்பது 'வேரில் உள்ளதையெல்லாம் அழி' என்று ஆனது.

இப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். டெர்மினல் ஜன்னலை மட்டும் மூடிவிடக் கூடாது. கட்டளைக் கோப்புகள் போனாலும், நாம் தட்டுவதை வாங்கி நிறைவேற்றும் 'பேஷ்' உறை தன் உடம்பிலேயே சில கட்டளைகளை வைத்திருக்கிறது. 'எக்கோ' போட்டு ஒரு நட்சத்திரம் தட்டினால் என்ன மிச்சம் என்று பட்டியல் வரும். அதன்பின் யுஎஸ்பி குச்சியிலிருந்து இன்னொரு லினக்ஸைத் துவக்கி, மிஞ்சியிருக்கும் சொந்தக் கோப்புகளை முதலில் வெளியே எடுத்துக்கொள்ளலாம். டெபியன், உபுண்டு போன்றவை என்னென்ன மென்பொருள் நிறுவப்பட்டது என்ற பட்டியலை 'வார்' அடைவுக்குள் வைத்திருக்கும். அதன் பழைய பிரதிகளும் அங்கேயே இருக்கும். அது தப்பியிருந்தால் வீட்டை மறுபடி கட்டுவது பாதி எளிது. இயங்குதளம் கடையில் கிடைக்கும் அரிசி. எந்த நேரமும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். நாம் எழுதியது நம்மிடம் மட்டுமே இருந்த விதைநெல்.

பள்ளத்தில் நின்ற நீர்

தம்பியின் வட்டைக் கழற்றி என் கணினியில், படிக்க மட்டும் முடியும்படி இணைத்தேன். முதலில் செய்தது, வட்டு முழுவதையும் பைட்டுக்குப் பைட் இன்னொரு வட்டில் நகலெடுத்தது. குனூவின் 'டிடிரெஸ்க்யூ' இதற்கென்றே எழுதப்பட்டது. கெட்டுப்போன பகுதியில் சிக்கி நிற்காமல், நல்ல பகுதியை முதலில் வாரிக்கொண்டு பிறகு சிக்கலுக்குத் திரும்பும். இனி என்ன பரிசோதனை செய்தாலும் நகலில்தான். மூலத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் என்றால் மீதி வேலை சுலபம். 1993ல் ரெமி கார்ட் எழுதிய 'எக்ஸ்ட்-2' கோப்பு முறையில், கோப்பை அழித்தாலும் ஐநோட் குறிப்பேட்டில் புளோக் எண்கள் அப்படியே இருக்கும். அவற்றைப் பின்தொடர்ந்து போனால் கோப்பு. அதற்குப் பின் வந்த எக்ஸ்ட்-3, 2008ல் நிலைபெற்ற எக்ஸ்ட்-4 ஆகியவை, நடுவே மின்சாரம் போனாலும் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, அழிக்கும்போது அந்த எண்களையும் துடைத்துவிடுகின்றன. விபத்துக்குப் பாதுகாப்பு கூடியது. தவறுக்கு மன்னிப்பு குறைந்தது.

ஆனால் அதே பாதுகாப்புக்காக அவை ஒரு பேரேடும் வைத்திருக்கின்றன. குறிப்பேட்டிலோ அடைவிலோ எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் 'இதைச் செய்யப்போகிறேன்' என்று அதில் எழுதிவிட்டுத்தான் செய்யும். அதனால் அழிவதற்கு முன் எப்போதோ எழுதிய குறிப்பேட்டின் பழைய நகல் அதில் கிடக்க வாய்ப்புண்டு. 'எக்ஸ்டண்டிலீட்', 'எக்ஸ்ட்-4 மேஜிக்' போன்ற கருவிகள் இந்தப் பேரேட்டைத்தான் துழாவுகின்றன. ஏடு சிறியது, நிரம்பினால் முதல் பக்கத்திலிருந்து மேலெழுதத் தொடங்கும். சீக்கிரம் கையை எடுத்தவனுக்கே பலன்.

தம்பிக்கு இரண்டு காட்சிகள் இந்த வழியில் முழுதாகக் கிடைத்தன. மூன்றாவதும் நான்காவதும் பேரேட்டில் இல்லை.

"மேல எழுதியிருந்தா அடியில இருக்கிறதைப் படிக்க முடியாதாண்ணே? சினிமாவுல எடுக்கிறாங்களே?"

நான் ஜன்னலைக் காட்டினேன். நாங்கள் இருக்கும் பிடோக்கில் ஒரு காலத்தில் குன்றுகள் இருந்தன. 1966ல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புக்காக அவற்றை வெட்டிக் கொண்டுபோய்க் கடலைத் தூர்த்தார்கள். இன்னொரு பக்கம் மணல் தோண்டிய பள்ளம், 1986ல் பிடோக் நீர்த்தேக்கமானது. இன்று மாலை நடைக்குப் போகிறவர் நீரைப் பார்த்து, தோண்டிய மண்ணைத் திரும்ப எடுக்க முடியுமா? புளோக்மேல் புதிதாக எழுதிவிட்டால் அவ்வளவுதான். பழைய காந்தத் தடத்தின் விளிம்பிலிருந்து எடுத்துவிடலாம் என்ற பேச்சு 1990களில் இருந்தது. இன்றைய அடர்த்தியான வட்டுகளில் ஒருமுறை மேலெழுதினாலே கதை முடிந்தது.

ஆனால் மேலெழுதப்படாத புளோக், முகவரி தொலைந்தாலும், எங்கோ இருக்கும். அதைத் தேடலாம்.

தலைப்பில்லாத ஏடுகள்

உ.வே. சாமிநாதையருக்குக் கிடைத்த சுவடிகள் எல்லாம் ஒழுங்காக வந்தவை அல்ல. முதல் ஏடு இல்லாதவை, கட்டு அவிழ்ந்து வேறு நூலோடு கலந்தவை, நடுவே பூச்சி தின்றவை எல்லாம் இருந்தன. பெயர் இல்லாத ஏட்டை எடுத்து, யாப்பையும் திணையையும் அரசன் பெயரையும் பார்த்து, இது இன்ன நூலின் இன்ன இடம் என்று அறிந்தார். அட்டவணை போனபிறகு உள்ளடக்கமே தன் அடையாளத்தைச் சொன்னது.

கணினித் தடயவியலில் இந்த முறைக்குச் 'செதுக்கல்' என்று பெயர். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய 'ஃபோட்டோரெக்' கருவி கோப்பு முறையைச் சட்டை செய்வதே இல்லை. 12 கோடி புளோக்குகளையும் வரிசையாகப் புரட்டி, ஒவ்வொன்றின் முதல் சில பைட்டுகளைப் பார்க்கும். 255, 216, 255 என்று தொடங்கினால் ஜேபெக் படம். விழுக்காட்டுக் குறியும் பின்னால் பிடிஎஃப் என்ற மூன்றெழுத்தும் வந்தால் அந்த ஆவணம். பெயர் கிடைக்காது, தேதியும் பெரும்பாலும் கிடைக்காது. எண்ணிட்ட ஆயிரக்கணக்கான கோப்புகளாகக் கொட்டும். தம்பியின் ஒத்திகைப் படங்கள் அப்படித்தான் வந்தன, எப்போதோ அழித்த பினாங்குப் பயணப் படங்களோடு சேர்ந்து.

வெறும் உரைக்கோப்புக்கு அப்படித் தலையெழுத்து எதுவும் இல்லை. இங்கேதான் தமிழ் கைகொடுத்தது.

யூனிகோடில் எழுதிய தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் வட்டில் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று சொல்லும்: 'த' என்றால் 224, 174, 164. இந்தியில் இரண்டாவது பைட் 164, 165. மலையாளத்தில் 180, 181. ஆகவே வட்டில் 224-174, 224-175 என்று அடுத்தடுத்து ஓடும் இடமெல்லாம் தமிழ். வழக்கமாக உரையைத் தேடித்தரும் 'ஸ்ட்ரிங்ஸ்' கட்டளைக்கு இது கண்ணிலேயே படாது. சொல்லாமல் விட்டால் அது 127க்குள் அடங்கும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தென்று மதிக்கும். அதை நம்பி 'ஒன்றுமில்லை' என்று கைவிட்டவர்கள் இருக்கலாம்.

இந்த அடையாளம் நமக்குச் சும்மா வாய்த்ததில்லை. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு எண் வரிசையில் இருந்தது. 'த' ஒன்றில் ஓர் எண், இன்னொன்றில் வேறு எண், அதுவும் ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய இடத்தில். அந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்க முதல் தமிழ் இணைய மாநாடு 1997 மே மாதம் கூடியது இதே சிங்கப்பூரில்தான். முன்னின்றவர் 'கணியன்' மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி. அந்தக் காலத்து முறையில் தம்பி நாடகம் எழுதியிருந்தால் வட்டில் அது தமிழ் என்றே தெரிந்திருக்காது.

"நாடகத்துல அடிக்கடி வர்ற ஒரு சொல் சொல்லு. ஓகாரம், ஒகாரம் இல்லாத சொல்லா இருக்கணும்."

"முனியம்மாண்ணே. மூணாவது காட்சி முழுக்க அவங்கதான்."

ஓகாரத்தைத் தவிர்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 'கோ'வில் வரும் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. வட்டில் பைட்டுகள் வேறு. 'முனியம்மா' ஒன்பது குறிகள், 27 பைட். அந்த 27 எண்களை வரிசையாகக் கொடுத்து, 'கிரெப்' கட்டளையை வட்டு நகல் முழுவதும் ஓடவிட்டேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு முனியம்மா வந்தாள். நான்கு இடங்களில். ஒவ்வொரு புளோக்கிலும் ஏறக்குறைய 1,300 எழுத்துக்குறிகள். 4096ஐ மூன்றால் வகுத்தால் மீதி வரும். இடைவெளியும் வரிமுறிவும் ஒரு பைட்தான். அதனால் புளோக்கின் எல்லையில் எழுத்தே பிளந்து நின்றது: ஒரு பைட் இந்தப் பக்கம், இரண்டு பைட் அந்தப் பக்கம், அல்லது தலைகீழாக. அதுவே ஒட்டுவதற்கு உதவியது. 224, 174 என்று முடிந்த புளோக்குக்கு அடுத்தது, தனி மூன்றாம் பைட்டோடு தொடங்க வேண்டும். கிழிந்த காகிதத்தின் விளிம்புகளைப் பொருத்துவதைப்போல வைத்துப் பார்த்தோம். மூன்றாம் காட்சி முழுதும் வந்தது. நான்காவதில் நடுவே ஒரு புளோக் இல்லை. அங்கே அந்தப் பாதி இறங்கிய மென்பொருள் உட்கார்ந்திருந்தது.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. சாமிநாதையர் 1894ல் பதிப்பித்தபோதே இல்லை. ஆனால் இல்லை என்பது தெரிகிறது, அதுவும் எந்த இடத்தில் என்பதுவரை தெரிகிறது. எண் தப்பியதால் இழப்பின் அளவு தப்பியது. எங்களுக்கும் அப்படியே. போனது நாடகம் இல்லை, நாலாம் காட்சியின் நடுவே 4096 பைட்.

சோம்பல் தீர்ந்த இயந்திரம்

இத்தனையும் சாத்தியமானது, தம்பியின் மடிக்கணினி பழசு என்பதால். உள்ளே சுழலும் காந்த வட்டு. இன்று கடையில் வாங்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் 'எஸ்எஸ்டி' சில்லுதான். அது சோம்பேறி இல்லை.

சில்லு நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின்மேல் நேராக எழுத முடியாது. பெரிய பெரிய பகுதிகளாக முதலில் துடைக்க வேண்டும். அதனால் எது காலி என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இயங்குதளம் 'ட்ரிம்' என்ற ஆணையால் அதைச் சொல்கிறது. உபுண்டுவில் வாரம் ஒருமுறை இது தானாக நடக்கும். சில அமைப்புகளில் அழித்த உடனேயே போகும். சேதி கிடைத்ததும் சில்லு தன் ஓய்வு நேரத்தில் அந்த இடங்களைத் துடைத்துவிடும். துடைப்பதற்கு முன்பேகூட, கேட்டால் பெரும்பாலும் பூஜ்யத்தைத்தான் காட்டும். பெயர்ப்பலகை போன வீட்டைக் கழகத்து ஆட்கள் வந்து உடனே காலி செய்துவிடுகிறார்கள். எஸ்எஸ்டியில் தவறு செய்தால், அடுத்த ட்ரிம் வருவதற்குள் அணைப்பது ஒன்றே வழி.

சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி எழுதும் மறையாக்கம் இன்னும் ஒரு படி மேலே. 2024 ஆகஸ்ட் 4 அன்று, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மாணவர் சாதனங்களை மேலாண்மை செய்துவந்த 'மொபைல் கார்டியன்' செயலியின் அமைப்புக்குள் யாரோ அத்துமீறி நுழைந்தார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் ஐபேடுகளும் குரோம்புக்குகளும் தொலைவிலிருந்தபடியே துடைக்கப்பட்டன. குரோம்புக்கின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கருதான். ஆனால் ஃபோட்டோரெக்குக்கு அங்கே வேலை இல்லை. இத்தகைய சாதனங்களில் எல்லாமே மறையாக்கம் செய்துதான் எழுதப்படுகின்றன. துடைப்பது என்றால் சாவியை அழிப்பது. புளோக்குகள் அத்தனையும் இருந்தாலும் அவை வெறும் இரைச்சல். 224ம் இல்லை, 174ம் இல்லை. அந்த மாணவர்களுக்குத் திரும்பக் கிடைக்கக்கூடியது, முன்பே வேறெங்கோ நகலாகப் போய்ச் சேர்ந்திருந்த பாடக்குறிப்புகள் மட்டுமே.

தரவு திருடுபோகாமல் காக்கும் இதே ஏற்பாடுதான், தவறிய கைக்கு இருந்த கடைசி வாய்ப்பையும் மூடுகிறது. நான் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த வித்தைக்கு இன்னும் பத்து வருடம் ஆயுள் இருந்தால் அதிகம்.

திறந்து பார்த்த நகல்

ஆகவே நகல் எடுத்து வைக்க வேண்டும். இதை எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நகலும் பொய் சொல்லும்.

2017 ஜனவரி 31 அன்று 'கிட்லேப்' நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு நேரத்துக் களைப்பில், ஒரு சர்வரில் செய்வதாக நினைத்து இன்னொன்றில் அழித்தார். நிறுத்தியபோது 300 கிகாபைட்டில் 4.5 மிச்சம். அவர்களிடம் ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. நம்பிய நேரத்தில் ஐந்தும் கைவிட்டன. ஒன்று சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு படிமம்.

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்து மீக்கணினியில் நடந்தது இன்னும் விசித்திரம். அழித்ததே காப்பு நிரல். ஓடிக்கொண்டிருந்த நிரலின் கோப்பை, அது ஓடும்போதே, புதிய வடிவத்தால் மாற்றினார்கள். பேஷ் உறை ஒரு நிரலை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, போகப்போகப் படிக்கும். பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படித்ததில் ஒரு மாறி வெறுமையானது. பழைய பதிவுகளை அழிக்க வேண்டிய வரி, ஆராய்ச்சித் தரவை அழித்தது. சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக்குழுக்கள்.

இரண்டு நகலும் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் பயனில்லை. 2024 செப்டம்பர் 10 அன்று எங்கள் பக்கத்து லோயாங்கில் ஒரு தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தபோது, தீ எது மூலம், எது நகல் என்று கேட்கவில்லை. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் சொல்லி நிலைத்த 3-2-1 என்ற விதி இதற்காகத்தான்: மூன்று பிரதிகள், இரண்டு விதமான ஊடகங்கள், ஒன்றாவது வேறு இடத்தில். நம் ஆட்களுக்கு வேறு ஊரில் அண்ணனோ அத்தையோ இல்லாமலா போவார்கள்?

இரண்டு வாரம் கழித்து, 85ஆம் புளோக் உணவங்காடியில் தம்பியைப் பார்த்தேன். பையிலிருந்து ஒரு சின்ன வெளிவட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "வாங்கிட்டேண்ணே. தினம் ராத்திரி தானா காப்பி ஆகுது. ஊர்ல அக்கா கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு போகுது."

"திறந்து பார்த்தியா?"

"இல்லண்ணே. ஆகுதுன்னு மெசேஜ் வருது."

என் மடிக்கணினியில் செருகி, அவனையே திறக்கச் சொன்னேன். கோப்பியை ஆற்றிக்கொண்டே பார்த்தேன். முதல் காட்சி திறந்தது. மூன்றாவது திறந்தது, முனியம்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான்காவதை உருட்டிக்கொண்டே போனான். நடுவே ஓர் இடத்தில் வசனம் நின்று, பழைய சுவடிப் பதிப்புகளில் சிதைந்த இடத்தைக் காட்டுவார்களே, அதுபோல ஒரு வரி முழுக்கப் புள்ளிகள் வைத்திருந்தான்.

"இன்னும் எழுதலியா?"

"என்ன எழுதியிருந்தேன்னு ஞாபகம் வரட்டும்ணே" என்றான்.